புகையான் எப்படிப் பயிரைத் தேர்ந்தெடுக்கிறது?

ஒரே வரப்பின் இரண்டு பக்கமும் நெல். இந்தப் பக்கம் வட்டமாக ஒரு திட்டு, கொதிநீர் ஊற்றியதுபோல் காய்ந்து சாய்ந்து கிடக்கிறது. அந்தப் பக்கம் பச்சை மாறாமல் நிற்கிறது. நட்ட நாள் ஒன்று, பாயும் வாய்க்கால் ஒன்று. ரகம் மட்டும் வேறு. கேட்டால், "அந்த ரகத்துக்குப் புகையான் வராதுங்க" என்று பதில் வரும். நெல்லின் தூரில் உட்கார்ந்து சாறு உறிஞ்சும் சிறு பூச்சிதான் புகையான்.

இந்த "வராது" என்ற சொல்லைத்தான் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். புகையான் உண்மையிலேயே அந்த வயலுக்கு வரவில்லையா? வந்து, பிடிக்காமல் போய்விட்டதா? வந்து தங்கியும் உடம்பு தேறாமல் செத்துவிட்டதா? அல்லது வந்து, குடித்து, குட்டி குடும்பத்தோடு இருந்தும் பயிர் தாக்குப்பிடித்து நிற்கிறதா? வெளியே இருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுதான், பயிர் பச்சையாக இருக்கிறது. ஆனால் உள்ளே நடப்பது வேறு வேறு. அடுத்த ஆண்டும் அந்த ரகம் காப்பாற்றுமா என்பது இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் வேலை பார்த்த பூச்சியியலாளர் ரெஜினால்ட் பெயின்டர் 1951ல் இதை மூன்றாகப் பிரித்தார். பூச்சிக்குச் செடி பிடிக்காமல் போவது ஒன்று, இதை விருப்பமின்மை எனலாம். செடியை உண்ட பூச்சி வளராமல், முட்டை குறைந்து, ஆயுள் குறைந்து போவது இரண்டாவது, இது உயிரெதிர்ப்பு. பூச்சி பெருகினாலும் செடி அதை ஈடுகட்டி விளைச்சல் தருவது தாங்குதிறன். ஒரே ரகத்தில் மூன்றும் கலந்தும் இருக்கும். நாம் இங்கே பெரும்பாலும் முதலாவதைப் பற்றிப் பேசப்போகிறோம். ஆனால் மற்ற இரண்டும் நடுநடுவே வந்து நிற்கும், தவிர்க்க முடியாது.

இறங்கிய பிறகுதான் தேர்வு

புகையான் இறக்கையோடு சேர்த்தும் நாலைந்து மில்லிமீட்டரே உள்ள பூச்சி, ஒரு அரிசியைவிடச் சிறியது. இறக்கை நீண்டது, இறக்கை குட்டையானது என்று இரண்டு வகை உண்டு. நீண்ட இறக்கை உள்ளவை காற்றில் ஏறிப் பயணம் போகும். தென் சீனாவிலிருந்து கடல் தாண்டி ஜப்பானுக்கும் கொரியாவுக்கும் ஆண்டுதோறும் போகின்றன. அங்கே குளிர்காலத்தில் அவை பிழைப்பதில்லை, அடுத்த ஆண்டு புதிதாகத்தான் வந்தாக வேண்டும். குட்டை இறக்கைப் பெண் பூச்சி இடம் பிடித்தபின் தோன்றுவது. பறக்காது, ஆனால் முட்டை அதிகம் இடும்.

காற்றின் போக்கில் வரும் இந்தச் சிறு பூச்சிக்கு மேலிருந்தபடியே "இது எதிர்ப்பு ரகம், வேண்டாம்" என்று வயல் பார்த்து இறங்கும் வசதி அநேகமாக இல்லை. பச்சை தெரிந்தால், ஈரம் இருந்தால் இறங்குகிறது. சோதனைத் தட்டுகளில் பலமுறை பார்த்த விஷயம் இது: எதிர்ப்பு நாற்றும் எளிதில் தாக்கப்படும் நாற்றும் பக்கத்துப் பக்கத்து வரிசையில் இருக்கும்போது பூச்சிகளை விட்டால், தொடக்கத்தில் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவில் உட்காருகின்றன. ஒரு நாள் கழித்து எண்ணினால்தான் கணக்கு மாறியிருக்கும். எதிர்ப்பு நாற்றில் இருந்தவை ஒவ்வொன்றாக நகர்ந்துவிட்டிருக்கும்.

ஆகவே புகையான் விஷயத்தில் "வராது" என்பது சரியில்லை, "தங்காது" என்பதே சரி. எதிர்ப்பு ரகம் என்றால் ஏதோ வாடை வீசிப் பூச்சியை வரப்பிலேயே நிறுத்திவிடும் என்று பலர் நினைக்கிறார்கள், வேளாண்மை படித்தவர்கள்கூட. வாடையால் விலகும் பூச்சிகள் உண்டு. நெல்லில் புகையான் பெரும்பாலும் அப்படி நடந்துகொள்வதில்லை.

சரி, இறங்கிய பிறகு என்ன செய்கிறது? முதலில் நடக்கிறது. இலையுறையின் மேல் படிந்துள்ள மெழுகைக் காலால் உணர்கிறது. சில ரகங்களின் மெழுகு அதற்கு ஒத்துக்கொள்வதில்லை, நிலையாக உட்காராமல் மேலும் கீழும் அலையும். மெழுகைத் தாண்டிவிட்டால் அடித்தூர்ப் பக்கம் இறங்கி, ஊசி போன்ற வாயைத் தண்டுக்குள் செலுத்துகிறது. செலுத்தும்போதே எச்சிலைக் கக்குகிறது. அந்த எச்சில் ஊசியைச் சுற்றி உறைந்து ஒரு உறைபோல் ஆகிவிடும். அந்த உறை வழியாக ஊசி இங்கும் அங்கும் திரும்பி, செடியின் சத்து ஓடும் குழாயைத் தேடுகிறது. பள்ளிப் பாடத்தில் புளோயம் என்று படித்தோமே, அதுதான்.

கொதிக்கும் குழம்பில் ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்ப்போமே, அந்த மாதிரியான வேலை இது. ஒவ்வொரு குத்தும் ஒரு ருசி பார்த்தல். இதை மனிதர்கள் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பூச்சியின் முதுகில் முடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைப் பசை வைத்து ஒட்டுவார்கள். செடி நிற்கும் மண்ணில் இன்னொரு கம்பி. இரண்டுக்கும் இடையே மிகச் சிறிய மின்சாரம். பூச்சி ஊசியைச் செடிக்குள் விட்டவுடன் மின்சுற்று முழுமையாகிவிடும். எச்சில் விடும்போது ஒரு மாதிரி அலை, புளோயத்தைக் குடிக்கும்போது வேறு மாதிரி அலை, தண்ணீர் ஓடும் சைலத்தைக் குடிக்கும்போது இன்னொரு மாதிரி. அலையைப் பார்த்தே பூச்சி உள்ளே என்ன செய்கிறது என்று சொல்லிவிடலாம். இந்த முறை 1964ல் அசுவினியை வைத்துத் தொடங்கியது, பிறகு புகையானுக்கும் வந்தது.

எளிதில் தாக்கப்படும் ரகத்தில் புகையான் சில குத்துகளிலேயே புளோயத்தைப் பிடித்து, மணிக்கணக்கில் அசையாமல் குடிக்கும். எதிர்ப்பு ரகத்திலும் அது புளோயத்தைத் தொட்டுவிடுகிறது. ஆனால் குடிக்காமல் ஊசியை எடுத்துவிடுகிறது, அல்லது சிறிது குடித்து நிறுத்திவிடுகிறது. மறுபடி குத்துகிறது, மறுபடி எடுக்கிறது. தாகத்துக்குச் சைலத்திலிருந்து வெறும் தண்ணீரைக் குடிக்கிறது. வயிறு நிறையாமல் அடுத்த செடிக்குத் தத்துகிறது.

ஏன் குடிக்கவில்லை? ரகத்துக்கு ரகம் காரணம் வேறு. முட்கோ என்ற இந்திய நெல் ரகத்தில் அஸ்பராஜின் என்ற அமினோ அமிலம் குறைவு என்று 1970ல் காட்டினார்கள். புகையானை உறிஞ்சத் தூண்டும் சத்துகளில் அது ஒன்று. அது குறைந்தால் "சாப்பாடு இங்கே இருக்கிறது" என்ற தகவலே பூச்சிக்குப் போகாது. வேறு சில ரகங்களில் உறிஞ்சுவதைத் தடுக்கும் பொருள்கள் சாற்றிலேயே கலந்திருக்கின்றன. இன்னும் சில, ஊசி நுழைந்தவுடன் அந்தக் குழாயின் துளைகளில் காலோஸ் என்ற பசை போன்ற பொருளைப் படியவைத்து அடைத்துவிடுகின்றன. குழாய் அடைபட்டால் எவ்வளவு உறிஞ்சினாலும் வராது. 2009ல் சீன ஆய்வாளர்கள் பிரித்தெடுத்த பிபிஎச்14 என்ற மரபணு, செடியை இப்படி அடைக்கத் தூண்டும் மரபணுக்களில் ஒன்று.

பூச்சி குடித்ததா இல்லையா என்று தெரிந்துகொள்ளத் தங்கக் கம்பி இல்லாமலும் ஒரு வழி இருக்கிறது. புகையான் குடிக்கும் சாற்றில் சர்க்கரை மிக அதிகம், புரதச் சத்து குறைவு. தேவையான புரதத்துக்காக ஏராளமாகக் குடித்து, மிச்சத்தைத் தேன் போன்ற துளிகளாகப் பின்பக்கம் வெளியேற்றும். தூர்களில் பிசுபிசுப்பும், அதன்மேல் கரும்பூசணமும் வருவது இதனால்தான். செடியின் அடியில் ஒரு வடிதாளைச் சுற்றி வைத்து, அதில் புரோமோகிரசால் கிரீன் என்ற நிறங்காட்டியைத் தோய்த்துக் காயவைத்திருப்பார்கள். புளோயத்தைக் குடித்த பூச்சியின் கழிவு விழுந்த இடம் நீலக் கறையாகும். ஒரு நாள் கழித்துத் தாளை எடுத்துக் கறையின் பரப்பை அளந்தால் போதும். தாள் நிறைய நீலம் என்றால் பூச்சிக்கு அந்த ரகம் விருந்து. அங்கங்கே ஒரு பொட்டு என்றால் பட்டினி.

இந்த அலைச்சலுக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. நிலையாக உட்கார்ந்து குடிக்கும் பூச்சி ஓநாய்ச் சிலந்தியின் கண்ணில் படாமல் தப்பிக்கலாம். செடி செடியாகத் தத்தும் பூச்சி மாட்டிக்கொள்ளும். எதிர்ப்பு ரகத்தில் சிலந்தி பிடிக்கும் புகையான் அதிகம் என்று சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள். கண்ட மருந்தை அடித்துச் சிலந்தியைக் கொன்றுவிட்டால், ரகம் செய்யும் பாதி உதவியையும் சேர்த்தே இழக்கிறோம்.

தாய் இடம் பார்ப்பது

புகையானுக்கு ஒரு சௌகரியம், பிடிக்காவிட்டால் குஞ்சும்கூட நகர்ந்து போகும். எல்லாப் பூச்சிக்கும் அது வாய்ப்பதில்லை. அந்துப்பூச்சி, ஈ போன்றவற்றில் இடம் பார்ப்பது தாய், தின்பது புழு. முட்டையிலிருந்து வந்த புழு வேறு செடிக்கு எளிதில் போக முடியாது. தாய் எங்கே முட்டையிட்டதோ அதுதான் அதன் தலையெழுத்து.

சோளத்தின் குருத்து ஈ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. முளைத்து நாலு வாரத்துக்குள் இருக்கும் இளம்பயிரைத்தான் இது தாக்கும். வெள்ளையாக, சுருட்டு வடிவத்தில் இருக்கும் முட்டையை இலையின் அடிப்பக்கம், நடு நரம்புக்கு இணையாக ஒட்டிவைக்கும். புழு வெளிவந்து, இலை வழியாகக் குருத்துக்குள் இறங்கி, வளரும் நுனியை அறுத்துவிடும். நடுக்குருத்து காய்ந்து, இழுத்தால் கையோடு வந்துவிடும்.

தக்காணத்தின் பின்பருவச் சோளத்தில், மால்தண்டி போன்ற பழைய ரகங்களின் நாற்றைக் கவனித்தால் இலை வெளிர்பச்சையாக, எண்ணெய் தடவியதுபோல் மினுங்கும். ஐதராபாத் அருகே பட்டாஞ்செருவில் உள்ள இக்ரிசாட் நிறுவனத்தில் இதை விரிவாக ஆராய்ந்தார்கள். மினுங்கும் இலை உள்ள ரகங்களில் ஈ இடும் முட்டை குறைவு. இலையின் அடிப்பக்கம் நுண்ணிய மயிர் இருந்தால் இன்னும் குறைவு. முட்டை இட்டுவிட்டாலும் கதை முடிவதில்லை. அதிகாலையில் புழு குருத்துக்குள் இறங்க, குருத்து இலையின் மேல் ஈரப்படலம் வேண்டும், அதில் வழுக்கிக்கொண்டுதான் அது போகிறது. மினுங்கும் ரகங்களில் அந்த ஈரம் குறைவு. புழு பாதி வழியில் காய்ந்துபோகிறது. முதலில் தாயின் விருப்பமின்மை, அதைத் தாண்டினால் புழுவுக்கு வழியில் தடை. ஒரே இலைப்பரப்பு இரண்டு இடத்தில் வேலை செய்கிறது.

நெல்லில் குருத்துப்பூச்சிக்கு இதுபோல் ஒரு பெயர் பெற்ற ரகம் நம் திருவள்ளூர்ப் பக்கத்துத் திரூர்குப்பத்தில் உருவான டிகேஎம்6. அதில் தாய் அந்துப்பூச்சி முட்டை இடுவது குறைவு, பிழைக்கும் புழுவும் குறைவு. அதன் சந்ததிதான் நம் ஊரில் நீண்ட காலம் கொடிகட்டிப் பறந்த ஐஆர்20.

தாய் எப்போதும் சரியாகத் தேர்ந்தெடுக்கும் என்று நினைக்க வேண்டாம். முட்டைக்கோஸைத் தின்னும் வைரமுதுகு அந்துப்பூச்சி, பார்பரியா என்ற கடுகுக் குடும்பத்துக் களைச்செடியில் ஆசையோடு முட்டை இடும். இலையின் கடுகு நெடி அதை இழுக்கிறது. ஆனால் அந்தச் செடியில் உள்ள சப்போனின் என்ற பொருளால் புழுக்கள் பிழைப்பதில்லை. பூச்சிக்குப் பிடித்த செடி வேறு, பூச்சி பிழைக்கும் செடி வேறு. இரண்டும் பெரும்பாலும் ஒத்துப்போகும், எப்போதும் அல்ல.

அதேபோல ஒரு பூச்சிக்குப் பிடிக்காதது இன்னொன்றுக்குப் பிடிக்கும். பருத்தி இலையில் அடர்த்தியாக மயிர் இருந்தால் தத்துப்பூச்சி விலகிப்போகும், அதற்கு ஊசியைச் செலுத்தவும் முட்டையிடவும் தோதுப்படாது. ஆனால் காய்ப்புழுவின் தாய்க்கு முட்டை ஒட்ட மயிருள்ள இலைதான் வசதி. வெள்ளை ஈக்கும் அப்படியே. "எதிர்ப்பு ரகம்" என்று யாராவது சொன்னால் எந்தப் பூச்சிக்கு என்பதை முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வேறு வழி இல்லாதபோது

இப்போது சோதனைத் தட்டுக்குத் திரும்புவோம். நெல் ஆய்வில் ரகங்களைப் புகையானுக்குச் சோதிக்கும் முறை எளிமையானது. ஒரு தட்டில் பல ரகங்களை வரிசை வரிசையாக விதைப்பார்கள். அதில் டிஎன்1 என்ற தைவான் நெல் ஒரு வரிசை கட்டாயம் இருக்கும், எளிதில் செத்துவிடும் ரகம் அது. இந்தியாவில் இன்னொரு வரிசை பிடிபி33, எளிதில் சாகாத ரகம். கேரளத்தின் பட்டாம்பியிலிருந்து வந்தது என்பதால் அந்தப் பெயர். நாற்று பத்துப் பன்னிரண்டு நாள் ஆனதும், நாற்றுக்கு ஏழெட்டு என்ற கணக்கில் இளம் புகையான்களைத் தூவிவிடுவார்கள். டிஎன்1 வரிசை ஏறக்குறைய முழுதும் கருகியதும் மற்ற வரிசைகளுக்கு 0 முதல் 9 வரை மதிப்பெண். 9 என்றால் செத்தது.

இங்கே பூச்சிக்குத் தேர்வு இருக்கிறது. பக்கத்து வரிசையில் டிஎன்1 என்ற விருந்து காத்திருக்கிறது. நம் ரகம் ருசியில்லை என்றால் அங்கே போய்விடும். இதனால் ஒரு ரகம் நல்ல மதிப்பெண் வாங்கிவிடலாம். ஆனால் அதே ரகத்தைத் தனித் தொட்டியில் வைத்து, மேலே வலைக்கூண்டு மூடி, வேறு எதுவும் கொடுக்காமல் பூச்சியை விட்டால்? பிடிக்கிறதோ இல்லையோ, பசி வந்தால் குடித்துத்தான் ஆக வேண்டும். இதைத் தேர்வற்ற சோதனை என்பார்கள். வெறும் விருப்பமின்மையை மட்டும் நம்பியிருக்கும் ரகம் இதில் தோற்றுவிடும். உயிரெதிர்ப்பும் உள்ள ரகத்தில் பூச்சி குடித்தும் தேறாது. மேலே சொன்ன சோளக் குருத்து ஈயிலும் இதைப் பார்க்கலாம். பக்கத்தில் பிடித்த ரகம் இல்லாமல், ஈயும் கூட்டமாக வந்துவிட்டால், மினுங்கும் இலையிலும் முட்டை இட்டுவிடும்.

வயலுக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். ஊரில் முதன்முதலாக ஒரு எதிர்ப்பு ரகத்தை நடுகிறவர் அதிர்ஷ்டசாலி. சுற்றிலும் பூச்சிக்குப் பிடித்த ரகங்கள் நிற்கின்றன, புகையான் அங்கே போய்விடுகிறது. அதைப் பார்த்து அடுத்த பருவம் ஊரே அந்த ரகத்துக்கு மாறுகிறது. இப்போது போவதற்கு வேறு வயல் இல்லை. தட்டில் நடந்த தேர்வுச் சோதனை, ஊர் அளவில் தேர்வற்ற சோதனையாக மாறிவிட்டது.

உயிரெதிர்ப்பு பலமாக இருந்தாலும் சிக்கல் வேறு வடிவில் வரும். பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் ஐஆர்26 1973ல் வெளிவந்தது. அதில் முட்கோவில் கண்டறிந்த பிபிஎச்1 மரபணு. பல்லாயிரம் ஏக்கரில் நட்டார்கள், புகையான் அடங்கியது. ஆனால் லட்சக்கணக்கான பூச்சிகளில் சில, அந்தச் சாற்றையும் குடிக்கத் தெரிந்தவையாக எப்போதும் இருக்கும். மற்றவை பட்டினியில் செத்தபின் அந்தச் சிலவற்றின் பிள்ளைகள்தான் வயல் முழுக்க. இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே ஐஆர்26 கருகத் தொடங்கியது. 1976ல் பிபிஎச்2 மரபணு கொண்ட ஐஆர்36 வந்தது, 1980களில் அதையும் தாக்கும் புகையான் தென்பட்டது. 1982ல் பிபிஎச்3 மரபணுவோடு ஐஆர்56. அந்த மூன்றாவது மரபணு முதலில் கண்டறியப்பட்டது இலங்கையின் பாரம்பரிய நெல்லான ரத்து ஹீனட்டியில்.

இதில் நமக்கு நெருக்கமான ஒரு செய்தி உண்டு. பிபிஎச்2 முதலில் கண்டறியப்பட்டது அம்பாசமுத்திரத்து ஏஎஸ்டி7 ரகத்தில். அது பிலிப்பைன்ஸ் புகையானை எதிர்த்து நின்றது. ஆனால் தெற்காசியப் புகையான் அதைச் சாதாரணமாகக் குடிக்கும். முட்கோவின் கதையும் அதேதான், அதை எதிர்ப்பு ரகம் என்று உலகம் கொண்டாடியபோது அது பிறந்த நாட்டிலேயே புகையானிடம் தோற்றது. பூச்சியின் தேர்வு அது வாழும் ஊரைப் பொறுத்தும் மாறுகிறது. பிடிபி33க்கும் ரத்து ஹீனட்டிக்கும் இவ்வளவு மதிப்பு இருப்பது, அவை இங்கும் அங்கும் நின்றதால்தான்.

1985ல் வந்த ஐஆர்64 வேறு பாடம் சொல்கிறது. அதிலும் அதே பழைய பிபிஎச்1தான், எப்போதோ முறிந்துபோன மரபணு. ஆனால் கூடவே சிறுசிறு அளவில் உதவும் பல மரபணுக்களும் இருந்தன. அது பூச்சியை அடியோடு விரட்டவில்லை, கொஞ்சம் குறைவாகக் குடிக்கவைத்தது, கொஞ்சம் குறைவாகப் பெருகவைத்தது. மிச்சத்தைச் சிலந்திகள் பார்த்துக்கொண்டன. பல ஆண்டுகள் தாக்குப்பிடித்தது. பூச்சியைச் சாகடித்தே தீருவேன் என்று நிற்கும் ரகத்தைவிட, இப்படி விட்டுப்பிடிக்கும் ரகத்தையே நான் அதிகம் நம்புவேன். கேரளத்தின் திரிவேணி போன்ற தாங்கும் ரகங்களுக்கும் இதே நன்மை உண்டு. பூச்சியைக் கொல்லாமல் தாங்குவதால், மாறிக்கொள்ள வேண்டிய நெருக்கடி பூச்சிக்கு வருவதில்லை.

ரகத்தைப் பற்றி இவ்வளவு பேசினாலும், அதே ரகத்தின் ருசியை நாமே மாற்றிவிடுகிறோம். யூரியாவை அள்ளிக் கொட்டிய வயலில் சாற்றில் அமினோ அமிலங்கள் ஏறும். புகையான் அதிகம் குடிக்கும், அதிக முட்டை இடும், அதிகம் பிழைக்கும். ஓரளவு எதிர்ப்புள்ள ரகம்கூடத் தழைச்சத்து மிகுந்தால் பூச்சிக்கு ஏற்றதாகிவிடும். கரும்பச்சையாகத் தெரியும் திட்டில் புகையான் முதலில் கூடுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

பூச்சியின் தேர்வை நமக்குச் சாதகமாகத் திருப்பவும் முடியும். எதிர்ப்பு ரகம் "இது வேண்டாம்" என்று சொல்வதுபோல, "இங்கே வா" என்று சொல்லும் செடியையும் பக்கத்தில் வைக்கலாம். முட்டைக்கோஸ் வரிசைகளுக்கு நடுவே கடுகு விதைப்பது வைரமுதுகுக்காக. நிலக்கடலை வயலின் ஓரத்தில் ஆமணக்கு நடுவது புரொடீனியா வெட்டுப்புழுவுக்காக. கடலை இலையும் ஆமணக்கு இலையும் இருந்தால், தாய் அந்துப்பூச்சி அகன்ற ஆமணக்கு இலையைத்தான் நாடும். முட்டைகளைக் குவியலாக இட்டுப் பழுப்பு மயிரால் மூடிவைக்கும். வாரம் இரண்டு முறை ஓரத்தோடு நடந்து, இலையைத் திருப்பிப் பார்த்து, குவியல் இருக்கும் இலையைக் கிள்ளி அழித்துவிடலாம். குஞ்சுப் புழுக்கள் கூட்டமாக இலையைச் சுரண்டி, இலை கண்ணாடித்தாள்போல் ஆகியிருந்தால் தூரத்திலேயே தெரிந்துவிடும். கடலைச் செடிகளுக்கு நடுவே குனிந்து தேட வேண்டியதில்லை.